ஃபொசிக் என்ற வினைச்சொல்லும் பாக்கியத்தின் விசாரணையும்

பாக்கியத்தின் விசாரணை நடந்த காலத்தில் நான் இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் தலைமை இலிகிதராக இருந்தேன். அந்த நாற்காலிக்கு நான் எவருடைய சிபாரிசிலும் வந்தவன் அல்லன். கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தைப் பரீட்சைப் பாடமாக எடுத்துச் சித்தி பெற்று, உதவி இலிகிதராகச் சேர்ந்து, மூன்று தொரைமாரின் கீழ் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதிப் படிப்படியாக உயர்ந்தவன். என் மேசையிலிருந்து கொழும்புத் தலைமையகத்துக்குப் போன ஆங்கிலக் கடிதம் எதுவும் திருத்தத்துக்கென்று திரும்பி வந்ததில்லை. தோட்டத்து மக்கள் என்னைப் பெரிய கிளாக்கர் ஐயா என்று அழைத்தார்கள். இவற்றை முதலிலேயே குறித்துவைப்பதற்குக் காரணம் உண்டு.

அண்மையில் இரத்தினபுரி நகரில் தோட்ட இலிகிதர்களின் ஒன்றுகூடல் ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்துவதற்கு முன் இளம் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "பாக்கியம் அக்கா கேஸ் எல்லாருக்கும் தெரியும். பதிவையே மாத்தி எழுதி அந்த அக்காவக் காப்பாத்தின பெரிய கிளாக்கர் ஐயா இவருதான்!" என்றார். பலத்த கைதட்டல். மேடையில் ஒருவரை இடைமறித்துப் பேசுவது என் வழக்கமன்று. தேநீர் இடைவேளையில் இன்னொருவர் கைபேசியுடன் வந்தார். "ஐயா, அந்தத் தொரை சொன்னாருன்னு சொல்றாங்களே ஒரு வார்த்த, ஃபொசிக். போன்ல போட்டா 'தேடு'ன்னுதான் காட்டுது. இதுக்கா இத்தன வருஷமா இவ்வளவு பேச்சு?"

இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கைபேசிக்காரருக்கு முதலில்.

தேடுதல் என்பது பொதுச்சொல். தொலைந்த பிள்ளையையும் தேடலாம், வேலையையும் தேடலாம். ஃபொசிக் (fossick) என்ற ஆங்கில வினை அவ்வளவு அகலமான சொல் அன்று. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள சுரங்கத் தொழிலாளர் பேச்சில் அது பிறந்திருக்கலாம் என்பர். அவுஸ்திரேலியப் பொன்வயல்களில் அது வேலை செய்து பிழைத்தது. பெரிய கூட்டத்தார் வந்து, தோண்டி, கழுவி, வேண்டியதை எடுத்துக்கொண்டு போன பிறகு, அந்தக் கழிவில் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதே அதன் முதற்பொருள். பிற்பாடு கதை எழுதுவோர் அச்சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆங்கில நாவல்களில் கிழவர்கள் மேற்சட்டைப் பைக்குள் மூக்குக்கண்ணாடிக்காக ஃபொசிக் செய்வார்கள். விதவைகள் இழுப்பறைக்குள் செய்வார்கள். நல்ல எழுத்தாளர் அதை அவசரக்காரர் மீது பிரயோகிக்கமாட்டார். இருக்கும் என்ற நிச்சயமும் கிடையாது, இல்லை என்று எழுந்துபோகவும் மனம் வராது. அந்த இடைநிலைக்குத்தான் அந்த வினை. கல்லூரி நூலகத்தில் இருந்த பொன்வயல் நாவல் ஒன்றில் நான் அதை முதன்முதலாகக் கண்டேன். ஆகவே, தொரையிடம்தான் நான் அச்சொல்லைக் கற்றுக்கொண்டேன் என்று யாரும் எண்ணவேண்டியதில்லை. அறிந்துவைத்திருப்பது ஒன்று, வேண்டிய நாளில் எடுத்து வைப்பது வேறு. எடுத்து வைத்தவர் எங்கள் தோட்ட நிர்வாகி எக்கநாயக்க தொரை.

எக்கநாயக்க தொரையைப் போன்ற ஒருவரின் கீழ் வேலை செய்தது என் பாக்கியம் என்றே இன்றும் கருதுகிறேன். உயரமானவர், குரல் உயராதவர். அலுவலகத்தில் ஆங்கிலம், காவற்காரரிடம் சிங்களம், மலையில் நம் தோட்டத்துத் தமிழ். வேலைக்காட்டில் மற்ற தொரைமாரைப் போலவே அவரும் தொழிலாளரை 'நீ' என்றுதான் அழைப்பார். விசாரணை மேசைக்கு வந்துவிட்டால் 'நீங்க'. இதைப் பற்றி நான் ஒருமுறை கேட்டேன். "மலையில் அவர் என்னிடம் வேலை செய்பவர். இந்த மேசையில் அவர் இன்னும் தீர்ப்பளிக்கப்படாதவர்" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

நகைச்சுவையும் உண்டு, ஆனால் வறண்டது. ஒரு காலை நேரம் பெட்டகச் சாவிக்காக நான் மேசை முழுவதையும் கிளறிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தவர், "ஃபொசிக் செய்தது போதும், தலைமை இலிகிதரே. சாவி உம்முடைய இடது கையில் இருக்கிறது" என்றார். அச்சொல்லை அவர் வாயால் கேட்டது அன்றுதான் முதல்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் ஓடையை ஒட்டிய சதுப்புநிலம் இறப்பருக்கு உதவாது. இரத்தினபுரியில் உதவாத நிலத்தைத்தான் முதலில் குத்தகைக்குக் கேட்பார்கள். நகரத்து மாணிக்க வியாபாரி ஒருவர், எல்லோரும் ஹாஜியார் என்று அழைப்பவர், உரிய அனுமதிப்பத்திரத்துடன் அங்கே குழி இறக்கி, கல்மண்ணைக் கழுவி, காலம் முடிந்ததும் குழிகளை மூடிவிட்டுப் போனார். கழுவிக் கழித்த சரளைக்கல் ஒரு குவியலாக வடிகாற் கானோரத்தில் கிடந்தது.

மழை பெய்தால் இறப்பர்ப் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் அன்றைய பெயரும், அதாவது நாட்கூலியும், இல்லை. அப்படியான ஒரு மழைநாளில், எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் பால்வெட்டிய பாக்கியம் என்ற பெண்மணி அந்தக் குவியலருகே உட்கார்ந்திருந்ததைக் காவற்காரர் சிரிபால கண்டார். முந்தானையில் சில கற்கள் இருந்தன. சிரிபால அவரை உதவி நிர்வாகியான சின்ன தொரையிடம் அழைத்துச் சென்றார். சின்ன தொரை புதியவர், கணினியில் வல்லவர். தலைமையகம் அனுப்பிய மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிக் குற்றப்பத்திரத்தை அச்சிட்டார். தோட்டக் காணியில் அனுமதியின்றி இரத்தினக்கல் அகழ்ந்தமை, அகழ்ந்த கற்களைக் களவாடியமை. இரண்டு வினைச்சொற்கள். களவு நிரூபணமானால் பாக்கியம் வேலையிலிருந்து நீக்கப்படுவார், பணிக்கொடை பறிபோகும், விடயம் பொலிசுக்கும் போகும். ஓய்வுக்கு இன்னும் சொற்பகாலமே இருந்த ஒரு கைம்பெண்ணுக்கு அது என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

விசாரணைக்கு முதல்நாள் பாக்கியமும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவரும் என் அலுவலக யன்னலுக்கு வந்தார்கள். தலைவர் கலகலப்பானவர்.

"ஒன்னும் பெரிய விஷயமில்லீங்க ஐயா. நாளைக்கு நேரா போயி, 'தப்புதாங்க தொரை, களவெடுத்துட்டேன்'னு கால்ல விழுந்துற வேண்டியதுதான். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்பிடித்தானே. தொரைமாரு நாலு ஏச்சு ஏசுவாங்க, விட்டுருவாங்க. நான் சொல்றது சரிதானுங்களே?"

தோட்டத்தில் அது உண்மையிலேயே பழைய வழக்கம். காலையில் பெயர் அழைத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஏச்சு வாங்கி, குனிந்து, மன்னிப்புப் பெறுவது. செய்ததையும் செய்யாததையும் ஒப்புக்கொள்வதே மரியாதை. ஆனால் பிரட்டுக்களத்தில் பதிவு எழுதுவோர் எவரும் நிற்பதில்லை. உள்ளக விசாரணையில் சொன்ன சொல் கொழும்புக்குப் போகும். அங்கே அதைப் படிப்பவருக்குக் காலில் விழுந்தது தெரியாது. இது எனக்குத் தெரியும். ஆயினும் பதிவெழுதுபவன் எந்தத் தரப்புக்கும் ஆலோசனை சொல்லலாகாது. "நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நாளைக்கு நேரத்துக்கு வாருங்கள்" என்றேன்.

பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க ஐயா, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா?"

"உதிரட்டுமே அக்கா," என்றார் தலைவர். "கல்லு தேடப்போன கையோட முத்தும் பொறுக்கிட்டு வரலாம்ல?"

இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். பாக்கியத்தின் சிரிப்பு படிக்கட்டோடு நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

மறுநாள் விசாரணை அலுவலக முன்கூடத்தில் நடந்தது. எக்கநாயக்க தொரையின் ஒழுங்கு எப்போதும் ஒன்றே. தொப்பியை மேசைமேல் வைக்கமாட்டார். நாற்காலிக்குக் கீழே வைப்பார். குற்றஞ்சாட்டப்பட்டவர் உட்காரும்வரை தாம் உட்காரமாட்டார். பென்சிலைத் தாமே சீவிக்கொள்வார். சாட்சி பேசும்போது எழுதமாட்டார், முகத்தைப் பார்ப்பார். எழுதுவது என் பொறுப்பு. குற்ற ஒப்புதல் எதுவானாலும், ஆங்கிலப் பதிவில் பேசியவரின் சொந்தமொழிச் சொல்லையும் அப்படியே எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. வேறெந்தத் தோட்டத்திலும் நான் அதைக் காணவில்லை.

பாக்கியம் அந்த அலுவலகத்தில் அதற்குமுன் நாற்காலியில் உட்கார்ந்தவர் அல்லர். நுனியில் உட்கார்ந்தார். நான் குற்றப்பத்திரத்தைத் தமிழில் வாசித்து முடித்தேன். உடனே எழுந்தார்.

"தப்புதாங்க தொரை. களவெடுத்தேன். ஒருதரம் மன்னிச்சிருங்க." நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

நான் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒருமுறை, அருகில் தமிழில் ஒருமுறை.

சின்ன தொரை கோப்பை மூடினார். "ஒப்புக்கொண்டுவிட்டாரே சேர், இனி என்ன?"

எக்கநாயக்க தொரை ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். சின்ன தொரை கோப்பை மறுபடி திறந்தார்.

"எந்திரிங்க. உக்காருங்க," என்றார் தொரை தமிழில். "களவுன்னு ஒங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

பாக்கியம் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"அதுக்குப் பேர் வைக்கிறது என் வேல. ஒங்க வேல வேற. அன்னைக்கு ஒங்க கை என்ன செஞ்சது? அத மட்டும் சொல்லுங்க."

பாக்கியத்துக்கு முதலில் விளங்கவில்லை. தன் கைகளையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லத் தொடங்கினார்.

"மழைங்க. வெட்டு இல்ல. சும்மா லயத்துல குந்தியிருக்க முடியலைங்க தொரை. ஹாஜியாரு ஆளுங்க கழுவிப் போட்ட குமி கெடந்துச்சு. போயி குந்துனேன். இப்பிடி, கையால தள்ளித் தள்ளிப் பாத்தேன்."

"மம்பட்டி?"

"ஸ்டோர்ல பூட்டிக் கெடக்குங்க. கங்காணிகிட்ட அத கேட்டு வாங்குறதுக்குள்ள கல்லே எடுத்துரலாம்."

முன்கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. தொரை சிரிக்கவில்லை. "சரி. கையில வேற என்ன?"

"அடி ஓட்ட விழுந்த அலுமினியச் சட்டி ஒன்னுங்க. மண்ணு கீழ போயிரும், கல்லு நிக்கும்."

"பெறகு?"

"மினுக்குனா எடுத்து, எச்சி தொட்டுத் தடவி, வெளிச்சத்துல புடிச்சிப் பாக்குறது. நெறம் இல்லன்னா திரும்பப் போட்டுர்றது."

"போட்டீங்களா?"

"பின்ன? வூட்டுக்குக் கொண்டுபோயி கொழம்பா வைக்கிறது?"

இம்முறை தொரை பென்சிலைக் கீழே வைத்தார். அவரிடம் அதுவே சிரிப்பு.

அடுத்துச் சிரிபால. அவர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். குழி கண்டீரா? இல்லை. புதிதாக வெட்டிய மண் கண்டீரா? இல்லை. உம்மைக் கண்டதும் ஓடினாரா, மறைத்தாரா? சிரிபால நேர்மையான மனிதர். சற்றுத் தயங்கி, "இல்லை சேர். என்னைக் கூப்பிட்டு, 'சிரிபால மாத்தியா, இது நீலமா பாருங்க' என்று ஒரு கல்லைக் காட்டினாள்" என்றார்.

"நீலமா?"

"போத்தல் துண்டு, சேர்."

முந்தானையில் இருந்தவை கடதாசியில் பொதிந்து மேசைக்கு வந்தன. தொரை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு சின்ன தொரையின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், அதே தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவர் அகழவில்லை. அதற்குக் குழி வேண்டும். நீர் எழுதிய இரண்டாவது சொல்லான களவுக்கு, பொருளின் சொந்தக்காரர் ஒருவர் வேண்டும். அவரை இன்னும் நாம் காணவில்லை. இவர் செய்தது ஃபொசிக். அதற்கு ஒரு வினைச்சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால், அந்தக் குவியல் கைவிடப்பட்டதாக இருந்தால்தான் அச்சொல் இவருக்குப் பொருந்தும். வாரும், நடப்போம்."

பதிவேட்டுடன் நானும் நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. ஹாஜியாருக்குத் தொலைபேசியில் சொல்ல, அவரும் தம் பழைய வேனில் வந்து சேர்ந்தார். கல்குழிக்காரரிடையே ஒரு வழக்கம் இருந்தது. கடைசிக் கழுவல் முடிந்து, கல் பார்ப்பவர் பார்த்துத் தீர்ந்ததும், குழியின் முதலாளி குவியலின் தலையைக் காலால் உதைத்துச் சரித்துவிட்டுப் போவார். உதைக்கும்வரை அதை எவரும் தொடமாட்டார்கள், சொந்த மகனும் தொடமாட்டான். உதைத்த பிறகு அதைப் பற்றி முதலாளி பேசமாட்டார். குவியல் ஒருபக்கமாகச் சரிந்துதான் கிடந்தது. ஆனால் சரித்தது மழையா, காலா? பாக்கியத்தின் வேலை அந்த ஒரு கேள்வியில் நின்றது.

"உதைத்தீர்களா, ஹாஜியார்?" என்றார் எக்கநாயக்க தொரை.

"ஒதச்சன் தொர. இந்தக் காலாலதான் ஒதச்சன். இப்ப முழங்கால் நோவுது, இல்லாட்டி இன்னொருக்கா ஒதச்சுக் காட்டுவன்."

"அதன் பிறகு இது யாருடையது?"

"ஒதச்ச பொறகு எங்கட இல்ல. ஆரும் பாக்கலாம். கோழியும் கிண்டும்."

சின்ன தொரை விடவில்லை. "இதில் பெரிய கல் ஒன்று இருந்து, அதை இவர் எடுத்திருந்தால்?"

"எடுத்திருந்தா அது அந்த மனுசிட நசீபு, அதிஷ்டம். ஏண்ட கண்ணு பொட்டை எண்டு நான் வீட்டில இருந்து அழோணும்." ஹாஜியார் குவியலைப் பார்த்தார். "இதுல கல் இருந்திருந்தா நான் இன்னம் இந்த வேன்ல வருவனா, தொர?"

"காணி தோட்டத்தினுடையது அல்லவா?" என்றார் சின்ன தொரை, கடைசி முயற்சியாக.

"குத்தகையின்படி கல் அவருடையது, மண் நம்முடையது," என்றார் எக்கநாயக்க தொரை. "கல்லை அவர் உதைத்துவிட்டார். மண்ணை இவர் சட்டியின் ஓட்டை வழியாக இங்கேயே விட்டுவிட்டார். நமக்கு என்ன நட்டம் என்று நீர் எனக்கு எழுதித் தரமுடியுமா?"

சின்ன தொரை கெட்டிக்காரர். எழுதித் தர முன்வரவில்லை. பிற்காலத்தில் நல்ல நிர்வாகியாக வந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முன்கூடத்துக்குத் திரும்பியதும் தொரை நின்றபடியே தீர்மானத்தைச் சொல்ல, நான் எழுதினேன். அதன் சாரம் இது. தொழிலாளி அளித்த ஒப்புதல் பதிவில் உள்ளவாறே நிற்கும். அது ஒரு பெயருக்கு அளித்த ஒப்புதல். அப்பெயரைச் சொல்லும்படி அவருக்கு ஆலோசனை கூறப்பட்டிருந்தது. அவருடைய கைகள் செய்தவை இன்னின்னவை என்று அவரும், காவற்காரரும், குவியலுக்கு உரியவராக இருந்தவரும் ஒருவர்போல் கூறியுள்ளனர். அச்செயல் ஃபொசிக் எனப்படும். இரு குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கப்படவில்லை.

பாக்கியத்துக்கு அதைத் தமிழில் வாசிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில் நின்றேன். துழாவுதல் என்றால் கண் தெரியாதவர் செய்வது போலாகிவிடும். பொறுக்குதல் என்றால் இருப்பது நிச்சயம் என்றாகிவிடும். கிளறுதலை ஹாஜியாரின் கோழி எடுத்துக்கொண்டுவிட்டது. அப்போது நம்முடைய பழைய சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. தட்டார் வீதிச் சாக்கடை மண்ணை வாரி, கழுவி, பொன்துகள் காண்போரை அரிப்புக்காரர் என்பார்கள். "பிறர் கழித்துப் போட்டதை அரித்துப் பார்த்தார்" என்று வாசித்தேன். அந்தத் தமிழ் என்னுடையது; அதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.

பாக்கியம் நிமிர்ந்தார். "அரிச்சுப் பாத்ததா? அதத்தானே நான் செஞ்சேன்! அதுக்கு இங்கிலீசுல ஒரு வார்த்தயே இருக்குங்களா?"

"இருக்கிறது."

"அந்த வார்த்தைக்கு வேலைய விட்டுத் தூக்கமாட்டாங்களே?"

"மாட்டார்கள்," என்றேன்.

அப்போதுதான் அவர் நாற்காலியில் முழுவதுமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். விசாரணை முடிந்துவிட்டது, இனி எழுந்து போகலாம் என்று தலைவர் சொல்லியும் சற்றுநேரம் எழவில்லை. "இருங்க தலைவரே. இவ்வளவு நேரம் இது முள்ளா குத்துச்சு, இப்பத்தான் நாக்காலியா இருக்கு" என்றார். எக்கநாயக்க தொரையும் நின்றுகொண்டே இருந்தார். பாக்கியம் எழுந்து வெளியேறிய பிறகே தொப்பியை எடுத்தார்.

தீர்மானம் கொழும்புக்குச் சென்ற பிறகு தலைமையகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஃபொசிக் என்பது தட்டச்சுப் பிழையா என்று ஓர் அதிகாரி கேட்டார். தொரை என் மேசையருகே நின்றுதான் பேசினார். "என்னுடைய தலைமை இலிகிதர் பிழை விடுவதில்லை. அகராதியைப் பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குமேல் கேள்வி வரவில்லை. எனக்குப் பொன்னாடைகள் பல போர்த்தப்பட்டிருக்கின்றன; இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

பாக்கியம் ஓய்வுபெறும்வரை அத்தோட்டத்திலேயே பால்வெட்டினார். பணிக்கொடையைக் குறைவின்றிப் பெற்றார். எக்கநாயக்க தொரை இன்று இல்லை. அவரைப் பற்றிப் பேசுவோர், அவர் இரக்கத்தால் கண்ணை மூடிக்கொண்டார் என்கிறார்கள். அன்று அந்த முன்கூடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் அவர் ஒருவரே. பெரிய கிளாக்கர் தம் இனத்தவள் என்பதால் ஒப்புதலை அழித்து எழுதினார் என்கிறார்கள். ஒன்றுகூடலில் கைதட்டியவர்கள் அதை எனக்குப் புகழ் என்று நினைத்தார்கள்.

பாக்கியம் சொன்ன 'களவெடுத்தேன்' என்ற சொல், ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும், சொன்ன இடத்தில் சொன்னபடியே பதிவில் இருக்கிறது. எழுதியவன் நான். அதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. மாற்றும்படி எக்கநாயக்க தொரை கேட்கவும் இல்லை.